நாலு பெட்டி இழுக்காத ஆம்ப்ளிஃபயர்

என் தங்கம் ஷக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் நானும் உன் தங்கச்சி பஹீமாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஷார்ஜாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நோய் நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறேன். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, நீயும் உடனே வைத்துவிடுகிறாய், அதனால்தான் சஃபியுல்லா வெள்ளிக்கிழமை அங்கே வருகிறான் என்றதும் அவன் கையில் கொடுத்துவிட இதை எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்புப் படிப்புதான், எழுத்து தப்பியிருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

போன வியாழக்கிழமை வாப்பா கண்மூடிய நாற்பதாம் நாள் பாத்திஹா நடந்தது. நெய்ச்சோறு ஆக்கினோம், யாருக்கும் குறை வைக்கவில்லை. ஆண்கள் கூடத்தில், வாப்பா போனதிலிருந்து அந்நிய ஆண் கண்ணில் படாமல் இத்தாவில் இருக்கும் நான் உள்ளறையில். பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதுவது எனக்கும் கேட்க வேண்டும் என்று நான்தான் அடம் பிடித்தேன். கூடத்தில் வாப்பாவின் ஆம்ப்ளிஃபயரில் மைக்கைச் சொருகி அவர்களுடைய இரண்டு ஸ்பீக்கர் பெட்டியிலும் சத்தம் வந்துகொண்டிருந்தது, பக்கத்து வீட்டு பத்ருன்னிசா தன் வீட்டுப் பெட்டி இரண்டைக் கொண்டுவந்தாள், பஹீமா அதே வயரோடு முறுக்கி உள்ளே இழுத்துவிட்டாள். ஆஸியா, இது ரெண்டு பெட்டிதான் இழுக்கும், மேல மாட்டினா உசுர விட்டுரும் என்று வாப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள், அன்றைக்குப் பார்த்து எனக்கு நினைப்பு வரவில்லையே. துஆ தொடங்கும்போது கருகிய வாசம் வந்தது, சாம்பிராணிதான் என்று எல்லோரும் சும்மா இருந்துவிட்டோம். சத்தம் கரகரத்து அப்படியே நின்றுபோனது. வாப்பா தங்கள் கையால் பார்த்துப் பார்த்துப் பூட்டிய சாமான், அவர்கள் பாத்திஹாவிலேயே என்னால் கருகிப்போனது.

அது கருகின சேதியைக் கேட்டவுடனே நீ போனில் சொன்னாய், விடுங்க உம்மா, ஆக்டிவ் ஸ்பீக்கர் வாங்கி அனுப்புறேன், ஆம்ப்ளிஃபயர் அதுக்குள்ளயே இருக்கு, கரண்டுல சொருகி போன்ல ஓதவிட்டாப் போதும் என்று. நீ ஆசையாகச் சொன்னது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நோன்பு முடிந்த கையோடு வாப்பாவிடமும் இதைத்தானே சொன்னாய், அந்தத் தகர டப்பாவக் காயலாங்கடையில போடுங்க வாப்பா என்று. நீ அனுப்புறத நீயே வச்சுக் கேளு என்று அவர்கள் போனை வைத்தார்கள். பதினெட்டு நாள் நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை, பத்தொன்பதாம் நாள் அவர்கள் இல்லை. அதற்காகத்தான் நீ இவ்வளவு அவசரப்படுகிறாய் என்று பெற்ற எனக்குத் தெரியாதா.

ஞாயிற்றுக்கிழமை நெடுங்காட்டிலிருந்து மெக்கானிக் சோமுவை வரச் சொன்னேன். அவர் கூடத்தில், நான் திரைக்கு இந்தப் பக்கம், பஹீமா நடுவில் நடந்து நடந்து சேதி சொன்னாள். அக்கா, நீங்க பேசுறது எனக்கே கேக்குது, புள்ளைய ஏன் தபால்காரராட்டம் நடக்க விடுறீங்க என்றார். வாப்பா மவுத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பஹீமா சிரித்தாள். திறந்து பார்த்துவிட்டு, போர்டுதான் போயிருக்கு, டிரான்ஸ்ஃபார்மரும் பெட்டியும் நல்லாருக்கு, தனித்தனியா இருந்தா போனத மட்டும் மாத்தலாம், எல்லாம் உள்ளயே வச்ச சாமானுல இந்த உப்புக்காத்துக்கு ஒண்ணு போச்சுன்னா இங்க தொறந்து பாக்க ஆளு கெடையாது என்றார். அதோடு, ஆனா நீங்க இப்புடி வயர முறுக்கி வெளையாடுறதுக்குப் புதுசுதான் லேசு என்றும் சொன்னார். என்னைக் குத்திக் காட்டினாலும் அது நியாயம்தான்.

ராஜா, நான் பழசையே சரிபண்ணச் சொல்லிவிட்டேன். நீ அனுப்ப வேண்டாம். வாப்பா ஜெயித்தார்கள் நீ தோற்றாய் என்று எண்ணிக்கொள்ளாதே. புதுசு வந்து கூடத்தில் நின்றால் அதில் என்ன ஓதினாலும் எனக்கு உங்கள் சண்டைதான் காதில் விழும். இத்தா முடிய இன்னும் எண்பது நாளுக்கு மேல் இருக்கிறது, வெளியே கால் வைக்க முடியாது, இந்த நாலு சுவருக்குள் அந்தச் சண்டையோடு என்னால் இருக்க முடியாது. என் மேல் கோபம் வந்தால் திட்டிவிடு, ஆனால் வாப்பாவைப் போல் நீயும் பேசாமல் இருந்துவிடாதே.

தலை ஈரத்தோடு ஏசியில் படுக்காதே. வெள்ளிக்கிழமைதோறும் வாப்பாவுக்கு ஒரு யாசீன் ஓதிவிடு, மறந்துவிடாதே. அல்லாஹ் உன் கையையும் மனசையும் நிறைத்து வைக்கட்டும்.

உன் உம்மா
ஆஸியா பீவி, காரைக்கால்

மடித்த பிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். சொல்லலாமா வேண்டாமா என்று மூன்று நாள் மனசில் போட்டு வைத்திருந்தேன். சோமு புறப்படும்போது ஒன்று சொன்னார். வாப்பா மவுத்தாவதற்கு நாலு நாள் முன்னால் அவர் கடைக்குப் போயிருக்கிறார்கள். பையன் சொல்றானே, உள்ளயே ஆம்ப்ளிஃபயர் வச்ச ஸ்பீக்கர், அது நம்ம கூடத்துக்குப் பத்துமா என்று விசாரித்திருக்கிறார்கள். சோமு எனக்குச் சொன்னதைத்தான் அவர்களுக்கும் சொன்னாராம், கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்களாம். என்னிடம் மூச்சு விடவில்லை. இன்னும் நாலு நாள் இருந்திருந்தால் அவர்களே உன்னைக் கூப்பிட்டு, சரி அனுப்புடா என்று சொல்லியிருப்பார்களா, ஷக்கு?