அப்பாவின் பையில் சிவப்பு ஸ்டிக்கர்

25 ஜனவரி 2002, வெள்ளி

இன்று பள்ளிக்கு ஒரு போலீஸ்காரர் வந்து, எங்கள் ஊர்ச் சாலை விபத்துகளை வருடவாரியாகக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். கோடு வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறது. தை மாதம் பழனி சாலையில் நடந்து போகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்களாம். அப்பா நாளை விடியற்காலை மூன்று மணிக்குப் பழனிக்கு நடக்கக் கிளம்புகிறார்.

அவர்கள் கூட்டத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு முன்னால் போகும். சாலையில் போகிற லாரிகள் பின்னாலிருந்து வரும். முழங்கால் வலியால் அப்பா எப்போதும் கடைசி ஆள். உடுத்துவதோ கரும்பச்சை வேட்டி.

சாப்பிடும்போது, முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளச் சொன்னேன்.

"ஏத்தா, நான் என்ன லாரியா? அப்படியே 'ஒலி எழுப்பவும்'னும் எழுதி விட்ரு" என்று சிரித்தார். "முருகன் பாத்துக்கிருவான். போய்ப் படு."

"லாரிக்காரன் பாக்கணுமேப்பா" என்றேன். முறைத்தார்.

எல்லோரும் தூங்கிய பிறகு, சைக்கிள் கடையில் வாங்கிய ஸ்டிக்கரை அவருடைய முதுகுப் பையில் ஒட்டி, ஓரத்தையும் தைத்துவிட்டேன். அவசரத்தில் ஊசி இரண்டு முறை குத்தியது. டார்ச் அடித்தால் கங்கு மாதிரி எரிகிறது.

இருட்டில் கவனிக்காமல் மாட்டிக்கொண்டு போய்விடுவார். வழியில் யாராவது சொல்லித் தெரிந்தாலும், மாலை போட்டுக் கிளம்பியவர் பாதியில் வீடு திரும்ப மாட்டார். பிய்க்கவும் முடியாது, நெருக்கித் தைத்திருக்கிறேன். என்னைத் திட்டுவதென்றால் பழனி போய்த் திரும்பி வந்துதான் திட்ட வேண்டும்.

வரட்டும். நன்றாகத் திட்டட்டும்.