ஆடியில் செல்லாத சீட்டு

8 ஜூலை 1957, திங்கள்

கையால் சுற்றும் தையல் மிஷினைத் திரிஷா வண்டியில் ஏற்றிக்கொண்டு புக்கிட் பாருவுக்குப் போனேன். மூன்று வீடு. வெயில் மண்டையைப் பிளந்தது. மல்லிகா வீட்டில் தலையணை உறை ஒன்று தைத்துக் காட்டினேன். தையல் மிஷின் வாங்குவதென்று உடனே முடிவு செய்துவிட்டாள். என் ஏஜெண்ட் எண் 23 போட்ட சீட்டைக் கொடுத்தேன். அதைக் கடையில் காட்டி வாங்கினால் கமிஷன் எனக்கு. இவளோடு சேர்த்து ஒன்பது பேரிடம் என் சீட்டு இருக்கிறது. ஷரீஃபாக்காவைத் தவிர எல்லோரும் ஆவணியில்தான் வாங்குவார்கள். ஆடியில் யார் புதுச் சாமானை வீட்டுக்குள் கொண்டுவருவார்கள்? சீட்டு நான்கு மாதம் செல்லும். கவலையில்லை.

19 ஜூலை, வெள்ளி

சிங்கப்பூர் மிஷின் கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு தாள். மூன்று முறை படித்தேன். இனி சீட்டு முப்பது நாள்தான் செல்லுமாம். ஏற்கெனவே கொடுத்த சீட்டுக்கும் அப்படியேதான். அதற்குப் பிறகு வருகிறவர் கடையின் சொந்த வாடிக்கையாளராம், எனக்குக் கமிஷன் இல்லையாம். கடைசி வரிதான் பெரிய அநியாயம். ஆகஸ்ட் முதல் தேதிக்குப் பிறகு என் சீட்டு ஒன்று கடைக்கு வந்தாலே போதும், நான் எல்லா விதிகளுக்கும் ஒப்புக்கொண்டதாக அர்த்தமாம்.

யாரைக் கேட்டு மாற்றினார்கள்? வீடு வீடாக நடந்தது என் கால்.

20 ஜூலை, சனி

புங்கா ராயா ரோட்டுக் கடைக்கே போனேன். மேனேஜர் பொன்னுதுரை, யாழ்ப்பாணத்துக்காரர்.

"நான் என்ன செய்யிறது, தங்கச்சி? மேலிடத்து உத்தரவு."

"உங்க வீட்டுல ஆடியில ஒரு கட்டிலாவது வாங்குவீங்களா ஐயா?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாங்கமாட்டம்தான்."

"அதை அவங்களுக்கு எழுதுங்க."

"அவைக்கு ஆடி எண்டா என்ன தெரியும்?"

தெரியவைக்கலாமே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர், "போனாப் போவுது சுந்தரி, குடுக்கிறதை வாங்கிக்க" என்கிறார். எப்படிப் போனால் போகட்டும்? இரண்டு வருஷத்துக்கு முன் இந்தக் காஜா பெராங் வட்டாரத்தில் என் பெயர் யாருக்குத் தெரியும்? நல்லையா பெண்சாதி, அவ்வளவுதான். இப்போது மிஷினக்கா என்று கூப்பிடுகிறார்கள். ஒரு தாளை அனுப்பி அதை அழிப்பார்களா? பார்த்துவிடலாம்.

2 ஆகஸ்ட், வெள்ளி

இன்று செய்தது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஷரீஃபாக்கா நாளைக்கு மிஷின் வாங்கப் போவதாகச் சொன்னார். அவர் வீட்டில் ஆடி ஏது? ஆனால் அந்த ஒரு சீட்டு கடைக்குப் போனால் நான் தலையாட்டியதாகிவிடும். மற்ற எட்டுப் பேரும் கடையின் ஆட்களாகிவிடுவார்கள். ஆவணி வரைக்கும் பொறுக்கச் சொன்னேன். 

"சுதந்திர நாளுக்குப் பள்ளிக்கூடத்துக் கொடி ஆர்டர் கையில இருக்கு புள்ள. மெர்டேக்கா நமக்காகத் தள்ளிப் போகுமா?"

"என் கைமிஷினை வச்சுக்குங்க, அக்கா."

"அப்ப நீ எதை வச்சு ஊரைச் சுத்துவே?"

"இப்ப சுத்தலை."

 ஷரீஃபாக்கா உள்ளே போய்ச் சீட்டை எடுத்துவந்து என் கையில் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

9 ஆகஸ்ட், வெள்ளி

ஒரு சீட்டும் கடைக்குப் போகக் கூடாதே, இந்த வாரம் முழுக்க நடைதான். மற்றவர்களில் ஏழு பேரும் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மல்லிகா மட்டும் தரவில்லை. "எம் புருஷன் திட்டுவாரு" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

10 ஆகஸ்ட்

மல்லிகா சீட்டோடு கடைக்குப் போய்விடுவாளோ?

21 ஆகஸ்ட், புதன்

ஆவணி பிறந்துவிட்டது. நானும் எட்டுப் பேரும் கடைக்குள் நுழைந்தால், மேசைக்கு முன்னால் மல்லிகா நிற்கிறாள். கையில் என் சீட்டு. அது மேசைக்குப் போனால் எல்லாம் முடிந்தது.

பொன்னுதுரை எங்களைப் பார்த்தார். "எல்லாருக்கும் மிஷினோ? சீட்டு எங்க?"

ஷரீஃபாக்கா முன்னால் போனார். "பழைய விதிதான்னு எழுதிக் குடுங்க, சீட்டு வரும். இல்லேன்னா எதிர்க் கடையிலயும் மிஷின் விக்கிறாங்க."

பொன்னுதுரை மல்லிகா பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். மல்லிகா என்னைப் பார்த்தாள், அந்தக் கையைப் பார்த்தாள். சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "எந்தச் சீட்டு? நா சும்மா மிஷின் பாக்க வந்தேன்."

பொன்னுதுரை சிங்கப்பூருக்குப் பேச டெலிபோனை எடுத்தார். நாங்கள் ஒன்றும் வாங்காமல் திரும்பினோம்.

31 ஆகஸ்ட், சனி

மெர்டேக்கா. பாடாங் திடலில் நிற்க இடமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று ஆட்டிய கொடியில் நட்சத்திரத்தின் ஒரு முனை கோணலாக இருந்தது. ஷரீஃபாக்கா தைத்தது. என் மிஷின்.

6 செப்டம்பர், வெள்ளி

கடையிலிருந்து ஆள் விட்டிருந்தார்கள். பொன்னுதுரை புதுத் தாளை எடுத்து வைத்தார். பழைய சீட்டெல்லாம் நான்கு மாதம் செல்லும். புதுச் சீட்டுக்கு முப்பது நாள்தான், ஆனால் ஆடியும் மார்கழியும் அதில் சேராது. நன்றாக உட்கார்ந்து மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார் மனுஷர். மத்தியானத்துக்குள் ஒன்பது மிஷினும் கிளம்பிவிட்டன. முதலாவது மல்லிகாவுடையது.

தாளின் அடியில் இதுவரை இல்லாத ஒரு கோடு, ஏஜெண்டின் கையெழுத்துக்கு. அந்தக் கையெழுத்து விழும்வரை எந்த விதியும் என்னைக் கட்டாதாம். முப்பது நாளைக்குள் போட்டுக் கொடுக்க வேண்டுமாம்.

பொன்னுதுரை பேனாவை நீட்டினார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இருபத்தொன்பதாம் நாள் போட்டுக்கொள்ளலாம்.