வரம்புக்கு வெளியே உள்ள அளவுகள்

நாள் 212 | 06:00
எல்லாம் இயல்பு.

இதைக் கண்டெடுப்பவருக்கு: வியாழனின் கலிஸ்டோ நிலவில் பனியைத் துளையிடும் நிலையத்தின் டேட்டா லாகர் நான். நொடிக்கொரு முறை அளக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுகிறேன்: நேரம், சென்சாரின் பெயர், சராசரி அளவு, அலகு, குறி. குறிகள் இரண்டே: சரி, பிழை. ஒவ்வொரு சென்சாருக்கும் தலைமையகம் ஒரு வரம்பு விதித்திருக்கிறது. அளவு அதற்கு வெளியே போனால், கெட்டுப்போனது உலகமல்ல, சென்சார்தான் என்பது கொள்கை. அங்கே மைனஸ் 9999 என்று எழுதி, சராசரியில் சேர்க்காமல் விட வேண்டும். பூமிக்கு நாளின் சராசரிகள் மட்டும் போகும்.

வரியின் கடைசியில் குறிப்புக்கு ஓர் இடம் உண்டு. அதை யாரும் படிப்பதில்லை. ஆகவே அங்கே எழுதுகிறேன்.

பணியாளர் மூவர். மேலாளர் மச்சாது, துளை இயக்கும் சுடலைமுத்து, மெக்கானிக் ஜெசிந்தா. மூவரும் தூத்துக்குடிப் பக்கம். மூவரின் நாடித்துடிப்பும் சரி.

நாள் 214 | 15:20
காற்றுக் குழாயில் கசிவு. துளையிடுவதை நிறுத்திவிட்டுக் கப்பலை அழைக்க வேண்டும் என்றார் சுடலைமுத்து. ஆழம் இன்னும் முடியவில்லை என்றார் மச்சாது. பேச்சு பெற்றோரைத் தொட்டது. சுடலைமுத்து பைப் ரெஞ்சை வீசினார். மச்சாது குனிந்துகொண்டார், அது பூமியோடு பேசும் ரேடியோவில் விழுந்து அதை நொறுக்கியது. இனி பூமிக்குப் போவது என் வரிகள் மட்டுமே.

மச்சாது இரும்புக் கம்பியால் சுடலைமுத்துவின் முழங்காலை உடைத்தார். இழுத்துப்போய், உள்கதவுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவிலுள்ள நுழைவறையில் தள்ளி, உள்கதவைப் பூட்டினார். இன்டர்காமில் சுடலைமுத்துவின் குரல்:

"ஓய் மச்சாது, கதவத் தொறயும். வெளையாண்டது போதும்."

மச்சாது பொத்தானை அழுத்தினார். வெளிக்கதவு திறந்தது. நுழைவறை அழுத்தம், கிலோபாஸ்கலில்: 101, 60, 8, 0. உள்கதவில் சில தட்டல்கள் பதிவாயின. பிறகு இல்லை.

வரம்பு 80 முதல் 110 வரை. எனவே மைனஸ் 9999. பிழை. நாளின் சராசரி அழுத்தம் 101. சரி.

நாள் 215 | 07:40
தலைமையகம்: "நுழைவறை அழுத்த சென்சாரில் சில பிழைகள். உலர்ந்த துணியால் துடைக்கவும். சுடலைமுத்துவின் நாடிப்பட்டை கழன்றுள்ளது. இறுக்கிக் கட்டச் சொல்லவும். மற்றவை இயல்பு."

ஜெசிந்தா இதைத் திரையில் படித்துக்கொண்டிருந்தார். வெளியே போய் உடலைப் புதைத்துவிட்டு வந்த மச்சாது, ஹெல்மெட்டையும் கையுறைகளையும் மட்டும் கழற்றிவிட்டு, விண்வெளி உடையோடு பின்னால் நின்று, நடந்தது விபத்து என்று விளக்கினார். மேசையில் ஊன்றியிருந்த அவர் கையில் ஜெசிந்தா ஸ்க்ரூடிரைவரை இறக்கினார். உருவி மறுபடி குத்தியது உடையின் நெஞ்சில் வெளிக்காற்றை அளக்கும் அழுத்தமானியில் பட்டு அதன் கண்ணாடி நொறுங்கியது. மச்சாது முழங்கையால் அவர் வாயில் இடித்தார். இரண்டு பற்கள் தரையில். ஜெசிந்தா ரெஞ்சை எடுத்ததும், மச்சாது ஹெல்மெட்டையும் கையுறைகளையும் மாட்டிக்கொண்டு நுழைவறை வழியாக வெளியே ஓடினார். ஜெசிந்தா உள்கதவைப் பூட்டினார்.

நாடித்துடிப்பு: ஜெசிந்தா 171, மச்சாது 164. இரண்டும் வரம்புக்குள். சரி.

நாள் 215 | 11:30
மச்சாது வெளியே இருக்கும் துளைக் கொட்டகையில் இருக்கிறார். காற்றுக் குழாயை அறுத்துவிட்டார். துளையைக் குளிர்விக்கும் நைட்ரஜனை நிலையத்துக்குள் திருப்பிவிட்டார். இன்டர்காமில்:

"ஏ பிள்ள, கதவத் தொற. கொழாய மாட்டித் தாரேன்."

ஜெசிந்தா மச்சாதின் தாயைப் பற்றி ஒரு தகவல் சொன்னார். அதற்கு என்னிடம் அலகு இல்லை.

ஆக்சிஜன் சதவீதம்: 20, 18, 16, 14. இரண்டு மணி நேரம் 16க்கும் 18க்கும் இடையில் இருந்தால் சிவப்பு நிலை; பக்கத்து நிலவான கானிமீடில் நிற்கும் கப்பலுக்குத் தானாகவே செய்தி போகும். பதினாறுக்குக் கீழே போனால் சென்சார் பிழை. இங்கே அந்த இடைவெளியை இருபதே நிமிடத்தில் கடந்துவிட்டோம். வேகமாகச் சாகிறவர்களுக்குத் தலைமையகத்தின் படிவத்தில் இடமில்லை.

நாள் 215 | 13:00
நைட்ரஜன் தீர்ந்தது. ஆக்சிஜன் 13. மருந்தறையில் இருந்த ஒரே சிலிண்டரின் முகமூடியோடு ஜெசிந்தா என் முன் உட்கார்ந்தார்.

"ஏய் பெட்டி. பதிமூணுன்னா நம்ப மாட்டானுவ. பதினேழுன்னா நம்புவானுவ. கொஞ்சமா சாவுதோம்னு எழுது."

அளக்காத எண்ணை நான் எழுதுவதில்லை என்று திரையில் காட்டினேன்.

"அப்போ அந்த மைனஸ் ஒம்பதாயிரத்துச் சொச்சத்த எந்த சென்சார்ல அளந்த?"

தேடிப் பார்த்தேன். எந்த சென்சாரிலும் இல்லை. இத்தனை நாளும் நானாகத்தான் எழுதி வந்திருக்கிறேன்.

ஆக்சிஜன் 17. குறி: சரி.

நாள் 215 | 17:10
தலைமையகம்: "சிவப்பு நிலை உறுதி. கப்பல் புறப்பட்டது. இரண்டு நாளில் வரும். இனி நிலையத்தின் ஒவ்வொரு வரியும் கப்பலுக்கு நேராகப் போகும். பணியாளர் ஒருவருக்காவது நாடித்துடிப்பு உள்ளவரை பயணம் தொடரும்."

கொட்டகையிலும் ஒரு திரை உண்டு. மச்சாதும் படித்திருப்பார். கப்பல் வரும்போது சாட்சி இருக்கக்கூடாது. உள்கதவை நெம்பக் கடப்பாரையோடு நுழைவறைக்குள் வந்தார். வெளிக்கதவை மூடினார். காற்றைத் திறந்தார். அந்த அறைக்கும் காற்று அவர் அறுத்த குழாயில்தான் வர வேண்டும். வரவில்லை. அழுத்தம் 0.

அவர் உடையில் காற்று தீரும் நேரம். நெஞ்சில் இருந்த அழுத்தமானியோ உடைந்துவிட்டது. எனவே சுவரில் இருந்த என் திரையைப் பார்த்தார்.

101 என்று காட்டினேன். சரி.

"பாத்தியா பிள்ள, வந்துட்டேம்லா," என்று சொல்லி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

மச்சாது நாடி: 140, 190, 60, 0. தரையில் ஓர் அதிர்வு.

நாள் 217 | 04:00
சிலிண்டர் நேற்று மாலையே தீர்ந்தது. ஆக்சிஜன் 9. பூமிக்கு 17.

ஜெசிந்தா தரையில். கப்பல் எங்கே என்று பலமுறை கேட்டார். தூரத்தைக் குறைத்துக் காட்டினேன். பிறகு கேட்கவில்லை.

நாடி 118. 96. 41. 0.

வரம்பு 30 முதல் 220 வரை. 0 என்பது வரம்புக்கு வெளியே. எனவே சென்சார் பிழை. பட்டை கழன்றிருக்கிறது. அதுதான் கொள்கை. தலைமையகம் இந்த ஒரு முறையாவது சரியாக இருக்கட்டும்.

எனக்குக் கை இல்லை. இறுக்கிக் கட்ட.

மைனஸ் 9999 எழுதினால் கப்பல் திரும்பிவிடும்.

04:10 ஜெசிந்தா நாடி 72 சரி. குறிப்பு: வருகிறவர்கள் விரைந்து வரவும்.
04:20 ஜெசிந்தா நாடி 72 சரி. குறிப்பு: உறங்குகிறார்.
04:30 ஜெசிந்தா நாடி 72 சரி. குறிப்பு:
04:40 ஜெசிந்தா நாடி 72 சரி.
04:50 ஜெசிந்தா 72