போன் வழியே வந்த கை

திருப்பூர்

அம்மா, இங்கே நான் போகிற சபை ரெண்டாக உடைந்துவிட்டது, திருவிருந்து எடுக்க எங்கள் பேராயர் என் தலையில் கைவைத்துக் கொடுத்த திடப்படுத்தலே செல்லாது என்கிறார்கள் பிரிந்துபோனவர்கள்.

உங்கள் இருமல் தேவலையா? நான் சுகம்தான்.

எங்கள் பேராயரை அபிஷேகம் செய்த வெளிநாட்டுப் பேராயர் நேரில் வரவில்லை, வீடியோ காலில்தான் வந்தாராம். அவர் அங்கிருந்து கையை நீட்ட, எங்கள் சபை மூப்பர் செல்போனை எங்கள் பேராயர் தலைமேல் பிடித்திருக்கிறார். பிரிந்துபோனவர்கள் அந்த வீடியோவைப் பரப்பிவிட்டார்கள்.

"அப்போஸ்தலர் காலத்துல இருந்து கை தலையில பட்டுத்தான அண்ணாச்சி பேராயர் பட்டம் வருது?" என்று மூப்பரிடம் கேட்டேன்.

"நெட்டு ஒருக்காக்கூட கட்டாகலியே கண்ணு" என்கிறார்.

யூடியூபில் எவ்வளவோ தேடிவிட்டேன். தையல் மெஷினில் உட்கார்ந்தால் வேலை ஓடவில்லை. பார்சலில் கருப்பட்டி வையுங்கள். கிறிஸ்துமஸுக்கு நம்மூர்க் கோயிலில் உங்கள் பக்கத்தில் முழங்கால் போட்டால் எனக்குத் திருவிருந்து கிடைக்குமா? நம்மூர்ப் பாதிரி ஐயரிடம் கேட்டு உடனே வாய்ஸ் அனுப்புங்கள், சித்தியையும் கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
பியூலா