மூன்று டம்ளரில் ஒன்று வேறு

திங்கள், ஜூன் 8, 2009

காலையிலிருந்து புழுதிக் காற்று. மாடியில் காயப்போட்ட துப்பட்டா பக்கத்து வீட்டு ஆண்டெனாவில். கம்பை வைத்து எடுக்க அரை மணி நேரம். பஸ் போச்சு.

பால் பண்ணை லேப்பில் இன்று இரண்டு கேன் புளிப்பு. மூடியைத் திறந்ததுமே தெரிந்தது. டெஸ்ட் பிறகுதான் ஒப்புக்கொண்டது.

மத்தியானம் கடிதம் வந்தது! பெங்களூர் பீர் கம்பெனி, தரக்கட்டுப்பாட்டு லேப். நேர்முகத் தேர்வு 19, வெள்ளி. எழுத்து, பேச்சு, அப்புறம் சுவைத் தேர்வு. மூன்று டம்ளர் வைப்பார்களாம். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும்.

எம்.எஸ்சி.யில் ஈஸ்ட் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள். பீரை நாக்கில் வைத்ததில்லை.

பக்கத்து மேசை ஷாநவாஸ் அண்ணனிடம் கடிதத்தைக் காட்டி, ருசி பழக்கிவிட முடியுமா என்று கேட்டேன். கோரிப்பாளையத்துக்காரர். சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம்.

"தங்கச்சி, அது எங்களுக்கு ஹராம். வேற ஆளப் பாரும்மா. வேணும்னா தொழுதுட்டு துவா கேக்குறேன்."

"பீருக்குத் துவாவாண்ணே?"

"வேலைக்குத்தானே கேக்குறேன். பீருக்கா கேக்குறேன்?"

அம்மாவிடம் சொல்லவில்லை. மாமா (அம்மாவின் ஒரே தம்பி) குடித்துக் குடித்தே முப்பத்தொரு வயதில் போனார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

புதன், 10

வெயில். தலைவலி.

அப்பாவுக்கு இன்று ஆஃப். தனியார் பஸ் டிரைவர், பேரையூர் ரூட். குழாயடியில் காக்கிச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தார். பிழிய ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லை.

பிறகு: "எத்தன வகை வேணும்?"

அவ்வளவுதான்! வேறொன்றும் கேட்கவில்லை.

"அம்மாவுக்குத் தெரிய வேணாம்ப்பா."

"உங்கம்மாவுக்குத் தெரியாம இந்த வீட்ல பல்லி கூடக் கத்தாது தாயி."

மாமாவைத் தூக்கிப் போட்ட அன்று குடியை விட்டவர் அப்பா. ஒன்பது வருஷம். அவரைப் போய்க் கடை வாசலில் நிற்கச் சொல்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டதைத் திரும்ப வாங்கவில்லை.

வெள்ளி, 12

சரக்கு வந்தது. சாப்பாட்டுக் கூடையில் ஈரத் துண்டு சுற்றி, நான்கு பாட்டில். பழங்காநத்தத்தில் இரண்டு, திருமங்கலத்தில் ஒன்று, பேரையூரில் ஒன்று. ஒரே கடையில் எல்லாம் கிடைக்காதாம்.

வரிசையில் யாரோ கத்தினார்களாம்: "டிரைவரண்ணே, நீங்களுமா!"

"என்ன சொன்னீக?"

"மக படிப்புக்குன்னேன். அந்த வரிசையே சிரிச்சுச்சு."

லேப்பில் அரை நாள் லீவு. அம்மா பள்ளிக்கூடத்தில் (சத்துணவுச் சமையல்). வீட்டில் நானும் அப்பாவும். பெயர் எழுதப் பயம், நோட்டு யார் கையிலாவது சிக்கினால்? அதனால் லேபிள் படம் மட்டும்.

1. லாடம். பெரிய கம்பெனி. முதல் வாய்: சோப்புத் தண்ணீர். மூன்றாவது வாய்: ரொட்டியின் ஓரம். பரவாயில்லை.
2. கலங்கரை விளக்கம். இதுவும் பெரிய கம்பெனி. சப்பென்று இருக்கிறது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.
3. சிவப்பு லேபிள் ஸ்ட்ராங். இனிப்பு, பிறகு தொண்டையில் நெருப்பு. வேண்டவே வேண்டாம்.
4. பச்சைப் பாட்டில். கோவா பக்கத்துச் சின்ன ஆலை. கடைக்காரரே "யாரும் கேக்குறதில்ல" என்றாராம். ரப்பர் எரிந்த மாதிரி.

அப்பா ஒரு சொட்டும் தொடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கு?" என்றேன்.

"வெளக்கெண்ண குடிச்ச பிள்ள மாதிரி இருக்க."

மீதியை மூடி ஃப்ரிட்ஜில், மோர்ச் சட்டிக்குப் பின்னால்.

சனி, 13

மோர்ச் சட்டிக்குப் பின்னால் வைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! அம்மா மோர் எடுக்கத்தானே ஃப்ரிட்ஜைத் திறப்பாள்.

நான்கு பாட்டிலையும் எடுத்து அடுப்புத் திண்டில் வரிசையாக வைத்தாள். முதலில் அப்பாவைப் பார்த்தாள்.

"ஒம்பது வருசங் கழிச்சு, வயசுக்கு வந்த பிள்ள இருக்குற வீட்ல..."

"அப்பா இல்லம்மா. எனக்கு."

என் வாழ்நாளில் அம்மா பேச்சை நிறுத்திப் பார்த்தது அப்போதுதான். கடிதத்தை எடுத்து வந்து படித்துக் காட்டினேன். சம்பளம், பி.எஃப்., லேடீஸ் ஹாஸ்டல். சுவைத் தேர்வையும் விடவில்லை.

"அம்புட்டு படிச்சதும் இதுக்குத்தானா?"

"ஆமாம்மா. இதுவும் அதே படிப்புதான். பால்ல பாக்குறதத்தான் இதுலயும் பாக்கணும்."

சமையலறையில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா வாசல் நிலையைப் பிடித்தபடி. வெளியே குக்கர் மூடி ரிப்பேர்க்காரர் கத்திக்கொண்டு போனார்.

"ஊத்து."

"அம்மா?"

"ஒரு மூடி ஊத்து. என்னன்னு பாக்குறேன்."

குடிக்கவில்லை. மூக்கருகே வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நெடுநேரம்.

"இது அவன் வாசன இல்ல," என்றாள். "அவன்மேல அடிச்சது வேற. இது சோறு வடிச்ச மாதிரி, கஞ்சி மாதிரி..."

அழுவாள் என்று நினைத்தேன். அடுத்த பாட்டிலுக்குக் கை நீட்டினாள்! கலங்கரை விளக்கம். ஒரே முகர்வு. முகம் சுளித்தது.

"இது பழசு. நனைஞ்ச அட்டப்பெட்டி நாத்தம் வருது. கண்ட எடத்துல போட்டு வச்சிருப்பானுக."

லேபிளைத் திருப்பித் தேதி பார்த்தேன். போன வருஷச் சரக்கு. பீர் பழசானால் ஈர அட்டை வாசனை வரும் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. படித்தவள் நான். கண்டுபிடித்தது இருநூறு பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பு முகர்ந்து பார்த்து உலை வைக்கிறவள்.

பச்சைப் பாட்டில்: "இதுமேல வெயில் பட்டிருக்கு." சரி! ரப்பர் வாசனை அதனால்தான்.

அப்பா வாசலிலிருந்து: "அவளையே பெங்களூருக்கு அனுப்பிருவோமா?"

"நீங்க பேசாதீக," என்றாள் அம்மா. ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை.

செவ்வாய், 16

மழை வரும் போல் இருட்டி ஏமாற்றியது.

அப்பா புதுச் சரக்கு கொண்டுவந்தார். தேதி பார்த்து வாங்கத் தெரிந்துவிட்டது அவருக்கு. தினமும் சாயங்காலம் நாலரைக்குப் பயிற்சி. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று மூன்று எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொண்டுவருவாள். நான் வேறானதைச் சொல்ல வேண்டும். அம்மாவின் சட்டம்: மோந்து பார், நாக்கில் வை, துப்பு. முழுங்கினால் அன்றோடு பயிற்சி முடிந்தது.

ஞாயிறு 6க்கு 2. திங்கள் 6க்கு 3. இன்று 6க்கு 5!

தப்பு விட்ட ஒன்றில் அம்மா ஏமாற்றினாள். மூன்றிலும் ஒரே பீர்.

"பரிச்சைல இப்படி வைக்க மாட்டாகம்மா!"

"வச்சா?"

இதுவரைக்கும் எனக்குப் பிடித்தது: லாடம் (புதுச் சரக்கு, நன்றாகக் குளிர்ந்தது). ரொட்டி வாசனை, கடைசியில் வேப்பங்கொழுந்துக் கசப்பு. இரண்டாவது பச்சைப் பாட்டில். வெயில் படாத பாட்டில் பூ மாதிரி மணக்கிறது. கலங்கரை புதிதாக இருந்தாலும் சப்புதான். சிவப்பு லேபிள் கடைசி. யார் என்ன சொன்னாலும் கடைசி.

ஷாந. அண்ணன் ஃபோன். துவா கேட்டாச்சாம். முடிவு வந்தால் முதலில் அவருக்குச் சொல்ல வேண்டுமாம்.

வெள்ளி, 19, பெங்களூர்

அப்பாவோடு வந்தேன். இங்கே குளிர்! அப்பா மஃப்ளர் சுற்றிக்கொண்டு கேட் எதிரே டீக்கடையில்.

வந்தவர்கள் பன்னிரண்டு பேர். பெண் நான் ஒருத்தி. பக்கத்துப் பையன் ஜெர்மனி, பெல்ஜியம் என்று என்னென்னவோ பெயர் சொன்னான். எதுவும் எனக்குத் தெரியாது.

எழுத்து சுலபம். டம்ளர் ஐந்து சுற்று. நான்கு சரி என்று நினைக்கிறேன். ஐந்தாவதில் மூன்றும் ஒன்றாகவே பட்டன. அம்மா ஞாபகம் வந்து சிரிப்பு வேறு. கண்ணை மூடி நடு டம்ளரைத் தொட்டேன்.

கடைசி அறையில் மூன்று பேர். நடுவில் நரைத்த தாடிக்காரர், பீர் காய்ச்சுகிறவர். "நம் நாட்டு பீரில் உங்களுக்குப் பிடித்தது எது?" இவர்கள் கம்பெனிப் பெயரைச் சொல்ல வேண்டுமோ? நாக்கு முந்திக்கொண்டது. லாடத்தைச் சொன்னேன். போட்டிக் கம்பெனி! இரண்டு பேர் தலை குனிந்தார்கள். தாடிக்காரர் மட்டும், "ஏன்?"

வேப்பங்கொழுந்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

பிறகு ஒரு கண்ணாடி டம்ளர். கலங்கலாக, மஞ்சளாக. இவர்கள் புதிதாகப் போடும் சின்ன ஆலையில் காய்ச்சியது. மூன்றே தொட்டியாம், இன்னும் விற்பனைக்கு வரவில்லை. "குறை ஏதாவது?"

முகர்ந்தேன். "வாழைப்பழம் வருது சார். கிராம்பும். கெட்டுப்போச்சா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். கோதுமை பீர், அப்படித்தான் மணக்க வேண்டுமாம். எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் அந்த மணத்துக்குக் கீழே வேறு ஒன்றும் இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. தினமும் தயிர் சாம்பிளில் பார்ப்பது.

"சார், வெண்ணெய் வாசனையும் அப்படித்தான் இருக்கணுமா?"

சிரிப்பு நின்றது. தாடிக்காரர் தன் டம்ளரை எடுத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார். அவர் எழுந்து வெளியே போனார், கொஞ்சம் வேகமாகவே.

"அவசரப்பட்டு இரண்டு நாள் முந்தியே தொட்டியைக் குளிர வைத்துவிட்டோம்," என்றார் என்னிடம், ஆங்கிலத்தில். "ஈஸ்ட் இந்த வெண்ணெய் வாசனையைத் தின்று முடிக்கவில்லை. எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. இங்கே யாரும் ஒத்துக்கொள்ளவில்லை."

மீதியைத் துப்பத் தோன்றவில்லை. ஒரு வாய் முழுங்கினேன். அம்மா, மன்னிச்சிரு. வெண்ணெயைக் கழித்துவிட்டால் நான் குடித்ததிலேயே நல்லது அதுதான்.

வியாழன், 25

காலை 10:40. லேப் ஃபோன். கிடைத்துவிட்டது!!!

ஷாந. அண்ணன் ஃபோனைப் பிடுங்கி, யாரென்று தெரியாமலே அந்தப் பெங்களூர் அம்மாவுக்கு நன்றி சொன்னார். எல்லோருக்கும் அவர் செலவில் பால்கோவா.

அம்மா பள்ளிக்கூடத்தில் உலை வைத்திருந்தாள். நேரே போய்ச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். புகை என்றாள். அடுப்பு கேஸ் அடுப்பு.

ஞாயிறு, 28, பேரையூர்

பெரியப்பா பேரனுக்குக் காதுகுத்து. நல்ல வெயில். மைக் செட் காதைக் கிழித்தது. பந்தியில் எங்கள் வரிசை முழுக்கச் சொந்தம். வேலை கிடைத்தது தெரியும், என்ன வேலை என்று தெரியாது.

பெரியம்மா ஆரம்பித்தார்: "பெங்களூர்ல என்ன கம்பெனி?"

அப்பா இருமினார். "அது வந்து மதினி... இந்த ஜூஸு, கூல்டிரிங்சு மாதிரி..."

"பீர் கம்பெனி," என்றாள் அம்மா.

சாம்பார் வாளிக்காரர் வாளியோடு நின்றுவிட்டார்.

"எம்மக மோந்து பாத்து நல்லாருக்குன்னாத்தான் பாட்டில்ல அடைப்பாக. இல்லேன்னா அம்புட்டையும் சாக்கடைல ஊத்தணும். அந்த வேல."

பெரியம்மா அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் இலையைப் பார்த்தார். நான் என் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காதெல்லாம் சூடு.

எதிர் வரிசையில் பெரியப்பா மெதுவாகக் குனிந்தார். "ஆத்தா, அப்ப இந்தச் செவப்பு லேபிள் எப்படி?"

"கடைசி பெரியப்பா," என்றேன்.

"நாசமாப் போக, இருவது வருசமா அதத்தான குடிக்கிறேன்!"