பழைய சோப்புக்குப் புது விலை

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நானும் பிள்ளைகளும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அவர் போய் இன்றோடு நாற்பது நாள்.

கடையைத் திறந்துவிட்டேன். ஒன்றாம் தேதியிலிருந்து சோப்பு, தீப்பெட்டி, பிஸ்கட் எல்லாவற்றுக்கும் வரி ஏறிவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். எதிர்க்கடைக்காரர் அன்றைக்கே விலையை ஏற்றிவிட்டார். நான் ஏற்றவில்லை. போன தடவை வரி ஏறியபோது, "பழைய வரியில வந்த சரக்குக்குப் புது விலை வாங்கினா, அந்தக் காசு யாருக்குப் போகும்? நம்ம பெட்டிக்குத்தானே? அது வேண்டாம்டி" என்றார் அவர். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

கடையில் ஒரே கூட்டம். பார்க்க அவர்தான் இல்லை.

உங்கள் தங்கை

மார்ச் 9

அன்புத் தங்கச்சிக்கு,

மூன்றே நாளில் கடையைக் காலி செய்துவிட்டாயாமே! பைத்தியமா உனக்கு? பத்துப் பெட்டி விற்ற பணத்துக்கு இன்றைக்கு எட்டுப் பெட்டிதான் கிடைக்கும். வரி ஏறினால் அதோடு நிற்குமா? லாரிக்காரன் கூடக் கேட்பான், சுமைக்கூலி ஏறும். மாப்பிள்ளை தங்கமான மனுஷர், ஆனால் பிழைக்கத் தெரியாதவர். நீயும் அப்படி இருந்தால் பிள்ளைகள் கதி?

என் மொத்தக் கடைக் கிடங்கிலிருந்து எட்டுப் பெட்டி சோப்பு அனுப்பியிருக்கிறேன். புது விலைதான். எனக்கே அந்த விலைக்குத்தான் வந்தது.

அண்ணன்

மார்ச் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

சோப்பு வந்தது. பணம் அன்றே கொடுத்தனுப்பினேன், கிடைத்திருக்கும்.

நீங்கள் சொன்னபடியே விலை போட்டேன். துணி துவைத்துப் பிழைக்கிற அக்கா வந்தாள். "அவர் போனதும் நீயும் ஏத்திட்டியா?" என்றாள். "வரி ஏறிடுச்சுக்கா. நான் என்ன பண்ணட்டும்?" என்றேன். ஒரு கட்டியைப் பாதியாக வெட்டித் தரச் சொன்னாள். வெட்டிக் கொடுத்தேன்.

அவள் போன பிறகுதான் பெட்டியின் அடியில் அச்சடித்திருந்த தயாரிப்புத் தேதியைப் பார்த்தேன். எனக்குப் படிப்பு அதிகமில்லை, அண்ணா. ஆனால் ஜனவரி இருபதை எனக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டாம். அன்றைக்குத்தான் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எட்டுப் பெட்டியையும் புரட்டிப் பார்த்தேன். எட்டும் அதே தேதி. அவர் உயிரோடு இருந்தபோது செய்த சோப்பு. செய்த வாரமே சரக்கு வந்துவிடும் என்று நீங்களே சொல்வீர்களே, வரி ஏறுவதற்கு எத்தனையோ நாள் முன்னால் உங்கள் கிடங்குக்கு வந்த சோப்பு.

ஊரில் எல்லா வியாபாரியும் இதைத்தான் செய்கிறான் என்பீர்கள். இருக்கலாம். நான் ஊராரிடம் வாங்கவில்லையே, அண்ணனிடம் அல்லவா வாங்கினேன்.

பழைய விலைக்கு விற்க எனக்குத் தெம்பில்லை. உங்கள் விலைக்கே விற்கிறேன். யாராவது கேட்டால், வரி என்று மட்டும் இனிமேல் சொல்ல மாட்டேன். அந்த அக்காவைத் தேடிப் போய் மீதிப் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்டாள். கடையில் ஆள் இல்லை என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

இனி சரக்கை வேறு இடத்தில் எடுத்துக்கொள்கிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு நீங்கள்தான் மாமா, எப்போதும்போல வாருங்கள். கடை வழியாக மட்டும் வேண்டாம், அண்ணா. பின்பக்கக் கதவு திறந்தே இருக்கும்.

தங்கை