நீ எழுதிய என் அம்மா

உன் பச்சை அட்டைக் கோப்பைத் திறந்ததும் ரப்பர் ஷீட்டு வாசம் முகத்தில் அடித்தது. உங்கள் அடுக்களைப் புகைக்கு மேலே காயப்போட்டிருக்கும் ஷீட்டுகளின் வாசம். இதைப் போக்கத்தானே, லீவு முடிந்து விடுதிக்கு வந்ததும் துணியையெல்லாம் மறுபடி துவைப்பாய்? நீ போய் ஒரு மாதம் ஆகிறது. வாசம் இன்னும் போகவில்லை.

கோப்பைக் கொண்டுவந்தது உன் அம்மை. திருவட்டாற்றிலிருந்து பஸ் ஏறி, மார்த்தாண்டத்தில் என் வீட்டை விசாரித்து வந்தார். உள்ளே இத்தாலியனில் நீ கைப்பட எழுதிய நான்கு பக்கம். தலைப்பை மட்டும் உன் அண்ணன் போனில் போட்டுப் பார்த்து, 'என் தாய்' என்று சொல்லியிருக்கிறான். உன் கோழிக்கிறுக்கலில் மற்றது அவனுக்குப் பிடிபடவில்லை.

"மக்களே, என்னைப் பத்தி எழுதியிருக்கா. ஞாயிற்றுக்கிழமை நினைவு ஜெபத்துல வாசிக்கணும். தமிழ்ல எழுதித் தருவியா? நீதான அவளுக்க உயிர்க் கூட்டுக்காரி?"

தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? அந்த நான்கு பக்கத்தில் இருப்பது அவர் இல்லை, என் அம்மா என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

டெல்லியில் இத்தாலியன் படித்த ஐந்து வருடமும் ஒரே அறையில் இருந்தோம். முதுகலை கடைசி வருடத்தில் பாடமும் பரீட்சையும் மட்டுமல்ல, வகுப்பில் சண்டைகூட இத்தாலியனில்தான். நான் அந்த மொழிக்கு வந்தது ஏன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். என் அம்மா இத்தாலியில், ஜெனோவாவில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். விசாக் காகிதம் சரியாகாமல் ஆறு வருடம் ஊருக்கு வரவில்லை. ஞாயிறு மதியம் போன் வரும். இஸ்திரிப் பெட்டியில் கை வெந்ததைக்கூடச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதையெல்லாம் உன்னிடம் சொல்லித்தான் அழுவேன். நீ தலைமுடியைக் கோதிவிடுவாய்.

இத்தாலியில் ஒரு வருடம் படிக்க ஒரே ஓர் இடம் வந்தது. கிடைத்தால் அம்மாவைப் பார்க்கலாம் என்பது மட்டும்தான் என் கணக்கு. நேர்முகத் தேர்வில் அவரவர் வீட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். நீ முதலில் போனாய். அடுத்து நான் போய், ஞாயிற்றுக்கிழமைப் போனில் தொடங்கினேன். பேராசிரியை கையை உயர்த்தி நிறுத்தினார். "இதை இப்போதுதானே கேட்டோம்? உன் தோழியின் கதையல்லவா இது?" என்றார். பத்து நிமிடத்தை முடிக்காமலே எழுந்து வந்தேன்.

வெளியே நின்ற உன்னைக் கேட்டேன். "ஏட்டி, எனக்க அம்மாவையா எடுத்துச் சொன்ன?"

"உனக்க கதை நல்ல கதைட்டி. எனக்கு என்ன இருக்கு? ரப்பர் பாலும் ஷீட்டும்."

இடம் உனக்குத்தான் கிடைத்தது. அங்கே போய் என் அம்மாவையும் பார்த்தாய். அவள் வைத்த மீன்குழம்பைத் தின்றுவிட்டு, அவள் தோளில் கைபோட்டு எடுத்த படத்தை எனக்கே அனுப்பினாய். என்ன நெஞ்சு உனக்கு! அதன் பிறகு மூன்று வருடம் கழித்துத்தான் நான் அவளைப் பார்த்தேன். உன்னோடு பேசுவதை விட்டேன். நீ காமாலையில் கிடந்தபோதும் வரவில்லை. உன் அம்மைக்கு அது தெரியாது.

மொழிபெயர்ப்பில் எதையும் கூட்டாதே, எதையும் குறைக்காதே என்றுதான் நமக்குச் சொல்லித்தந்தார்கள். அப்படியே ஒருமுறை எழுதி முடித்தேன். வாசித்துப் பார்த்தேன், கிழித்தேன். பிறகு வேறு எழுதினேன். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன்னே உன் அம்மை ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவது. ரப்பர்க் கறை படிந்த சட்டையோடு, உன் பஸ் வளைவில் திரும்பும்வரை நிற்பது. எதுவும் என் கற்பனை இல்லை. வீட்டு நினைப்பு வந்த நாட்களில் நீயே எனக்குச் சொன்னவை.

ஞாயிற்றுக்கிழமை போதகர் என்னையே வாசிக்கச் சொன்னார். உன் அம்மை முன்வரிசையில் இருந்தார். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பால் வெட்டப் போறதையுமா எழுதியிருக்கா? அவளுக்கு நான் நாணக்கேடுன்னுல்லா மக்களே நெனச்சிட்டிருந்தேன்."

உன்னை நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பொய் உனக்காக அல்ல, அவருக்காக. தமிழ்த் தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார். கோப்பை என்னிடமே தந்துவிட்டார். "இது எனக்கு வாசிக்கத் தெரியாதே. நீயே வச்சுக்க."

இப்போது அது என் மேசையில் இருக்கிறது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், பாவி. மூன்றாம் பக்கத்தில் மட்டும், வெந்தது இடது கை என்று இருக்கிறது. என் அம்மாவுக்கு வெந்தது வலது கை. பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறேன்.